எட்டாம் சிடியில் கொஞ்சம் பொடி

சிடி பாடவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். ஆரியசாலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பும் பத்து வீடுகளில் நாலு வீட்டில் கோளாறு அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு உடனே கிளம்பினால் அவர்கள் மனம் நோகும். அதனால் ஐந்து நிமிடம் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, காப்பி குடித்து வருவேன்.

பிளக் சரியென்றால் சிடியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மினுங்கும் பக்கம் கீழே இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் துடைக்க வேண்டும். பழைய வேட்டித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது, அழுத்தவும் கூடாது. பெயர் எழுதியிருக்கும் மேல்பக்கத்தைத் தொடவே வேண்டாம். வீட்டில் பதிந்த சிடியில் பாட்டு இருப்பது அந்த மேல்தோலுக்கு நேர் அடியில்தான். கீழ்ப்பக்கம் கீறினால் மெருகு போட்டுப் பிழைக்க வைக்கலாம். மேல்தோல் உரிந்தால் போனது போனதுதான். இது பலருக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பஜனை சபைக்கு இது ஐம்பதாவது ஆண்டு. மலர் போடுகிறார்கள். பழைய சிடிகளைப் பாட வைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் ஐயப்பன் கேட்டார். போகிற போக்கில், "அந்தப் பொடிச் சமாச்சாரத்தையும் சேர்த்துக்கிடுங்கோ. வாசிக்கப்பட்டவங்களுக்கு ஒரு ரசம் வேணும்லா," என்றார். சேர்த்தேன். இரண்டு பக்கத்தையும் கொடுத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இது மூன்றாவது பக்கம். இதை யாரும் கேட்கவில்லை.

என் பெயர் அனந்தபத்மநாபன். வயது அறுபத்தொன்று. முப்பத்துமூன்று வருடம் ஒரு சர்க்கார் ஆபீசில் இருந்தேன். என்ன செய்தேன் என்று அங்கே இப்போது யாரைக் கேட்டாலும் தெரியாது, என்னைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். சபையில் நான் ஜால்ரா தட்டுகிறவன். அந்த வார்த்தைக்கு உள்ள இரண்டு அர்த்தத்திலும். பின்பாட்டும் பாடுவேன். பாட்டு வராதென்று எனக்கே தெரியும். ஆனால் காது உண்டு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். காது இருக்கிறதா இல்லையா என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாதல்லவா.

முன்பாட்டு கோலப்பன். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் கயிறும் ஆணியும் விற்கிற கடை அவனுக்கு. நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பகல் முழுக்கக் கயிறு அளந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தானென்றால், முதல் வரியிலேயே தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். எனக்கு அவன்மேல் பொறாமை கிடையாது. இதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவன் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டான். நீலாம்பாள் அம்பாசமுத்திரத்துக்காரி, இங்கே வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. குழந்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோலப்பன் கடையில் கயிற்றுச் சுருளைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது கடையும், வீடும், பதினாலு சிடியும்.

அந்தச் சிடிகள் கல்யாணத்துக்கு முந்தியவை. கோலப்பனின் அக்காள் மகன் சுஜித், இப்போது ஷார்ஜாவில் இருப்பவன், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாமா பாடுவதையெல்லாம் ஒரு சின்ன யந்திரத்தில் பிடித்து, சிடியில் ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் தேதியும் இடமும் எழுதிக் கொடுத்தான். அவனுடைய லேப்டாப் எப்போதோ கெட்டு, பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. ஆக, கோலப்பன் குரல் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் நீலாம்பாள் வீட்டு அலமாரி. அவள் தினம் விளக்கு வைத்ததும் ஒரு சிடியைப் போடுவாள். பாட்டு முடிகிறவரை அழுவாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுச் சோறு வடிப்பாள்.

போன வருடம் ஆவணியில் ஒருநாள் எட்டாவது சிடி ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது என்று கூப்பிட்டாள். போனேன். பக்கத்து வீட்டு எலிசாளும் இருந்தாள். எட்டாவது சிடி சபையோடு கல்லாறு போனபோது பதிந்தது. நான் அன்று போகவில்லை. மலைப்பாதையில் பஸ் திரும்பத் தொடங்கினாலே எனக்கு வாந்தி வரும். பாட்டுக்குப் பின்னால் ஆற்றுச் சத்தம் கேட்டது. ஒரு பாட்டு முடிந்து எல்லோரும் ஏதோ பேசினார்கள். அப்புறம் கோலப்பன் குரல்.

"நம்ம அனந்தனுக்குச் சுருதி சேரணும்னா, படுத்திருக்கப்பட்ட பத்மநாபசாமி எந்திச்சு உக்காரணும்."

ஒரே சிரிப்பு. எல்லார் சிரிப்புக்கும் மேலே கோலப்பனின் சிரிப்பு. அது அடங்குகிற இடத்தில் சிடி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் போயிற்று. நம்ம அனந்தனுக்குச் சுருதி சேரணும்னா. மறுபடி சிரிப்பு. மறுபடி துள்ளு. கேட்டுக்கொண்டு நின்றேன். எலிசாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது முதல் தடவையில்லை என்று தெரிந்தது.

நான் வருத்தப்படவில்லை. நல்ல நகைச்சுவை அது. என் பெயரையும் சாமி பெயரையும் சேர்த்து, சாமி படுத்தே கிடக்கிற ஊரில் சொன்னது. வேறு யாரையாவது பற்றிச் சொல்லியிருந்தால் நானே பத்து இடத்தில் சொல்லியிருப்பேன். நானும் சிரித்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை என்று சொல்லத்தான் ஆசை. பதினொரு தடவை.

நீலாம்பாள் மட்டும் நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை. அவள் பெட்டியின் அருகே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாட்டு எல்லாத்துலயும் இருக்கு அண்ணாச்சி. அவுக சிரிக்கது இது ஒண்ணுல மட்டும்தான் இருக்கு. மத்த பதிமூணும் போனாக்கூட இந்தச் சிரிப்பு இருந்தா எனக்குப் போதும். இதுக்குப் பெறகு என்ன சொல்லுதாகன்னும் கேக்கணும்," என்றாள். ஒரு வாரமாக அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஜன்னல் தெருப்பக்கம்.

என் வீட்டுப் பெட்டியின் லென்ஸ் நல்லது. இவ்வளவு சின்னச் சிக்கலை அது தாண்டிப் போயிருக்கும். சிடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். விரல்ரேகையும் தூசியும், மயிரிழைக் கீறல் ஒன்றும் இருந்தன. வேட்டித் துணியால் இரண்டு இழுப்பு இழுத்திருந்தாலே போதும். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் பூக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் எப்போதும் சிரிக்கிறவர்தான்.

மறுநாள் காலை அவளுக்குப் பொறுக்கவில்லை, போன் செய்தாள். மலரில் எழுதிக் கொடுத்தபடி அந்தப் பேச்சு இப்படி:

இந்த ஊர்த் தமிழர்களான நாங்கள் தூசியைப் பொடி என்போம். மலையாளத்தில் அப்படி, எங்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. நான் அவளிடம், "பொடியாக்கும் காரணம். பொடி தேய்ச்சு எடுத்தாப் போரும்," என்றேன். அம்பாசமுத்திரத்தில் பொடி என்றால் மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, பாத்திரம் விளக்கும் பொடி. பாவம், அவள் பதினாலு சிடியையும் பின்கட்டுக்குக் கொண்டுபோய், பாத்திரப்பொடி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போட்டுவிட்டாள். இரண்டு மொழி புழங்கும் ஊரில் ஒரு வார்த்தை செய்த வேலையைப் பாருங்கள்.

ஐயப்பன் இந்த இடத்தை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முதலில் கொஞ்சம் "ஐயோ" என்றுதான் சொன்னார்.

மத்தியானம் அவள் கூப்பிட்டபோது போனேன். பதினாலு சிடியும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கின. மினுங்கு போய், வெந்நீரில் கிடந்த கண்ணாடியைப் போல வெளுத்திருந்தன. சுஜித் எழுதிய தேதிகள் ஒன்றும் இல்லை. மேல்தோல் திட்டுத்திட்டாக உரிந்து, வெயில் அந்த ஓட்டைகள் வழியாகத் தரையில் விழுந்தது. அவள் முகத்தில் வேலை செய்து முடித்த களை. "கொஞ்சம் மங்கிட்டு அண்ணாச்சி. காஞ்சா சரியாயிருமா?" என்றாள்.

"காயட்டும்," என்றேன்.

பிறகு மூன்று வாரம் நான் அந்தச் சிடிகளுக்கு வைத்தியம் பார்த்தேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பிளக்கைப் பார்த்தேன். லென்ஸைத் துடைத்தேன். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதில் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கடை ஷாஜியிடம் பதினாலையும் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்த ஷாஜி, அதன் வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேட்டா, இதில் ஒன்னுமில்லல்லோ," என்றார். தெரியும் என்று சொல்லவில்லை. மற்றதையும் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு நாளும் அவள் வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு நாளும் நான் புருவத்தைச் சுருக்கி, இன்னொரு வழி இருக்கிறது என்றேன். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை அவ்வளவு நம்பிக் காத்திருந்தது அந்த மூன்று வாரம்தான். ஆபீசில்கூட யாரும் காத்திருந்ததில்லை.

இருபத்திரண்டாம் நாள் அவளே நிறுத்தச் சொன்னாள். "நீங்க சொன்னதைக் காதுல சரியா வாங்காம என் கையாலயே அவுகளத் தேச்சு ஊத்திட்டேன் அண்ணாச்சி. ஒங்களையும் இவ்வளவு நாள் அலைய வச்சிட்டேன். மன்னிச்சிருங்க," என்றாள். மன்னித்தேன். என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான், "பரவாயில்லம்மா" என்றேன்.

தெருவில் யாராவது என்னைக் குற்றம் சொல்லத் தொடங்கினால் அவள் விடமாட்டாள். அண்ணாச்சி சரியாகத்தான் சொன்னாக, புத்தி கெட்டவள் நான்தான் என்பாள். கடையில் சரக்கு எடுத்து வைக்கிறவர்கள்கூட இப்போது, அக்காவிடம் ஒன்றும் கொடுக்க வேண்டாம், கழுவிவிடுவாள் என்று கேலி பேசுகிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் இப்போது சாயங்காலங்களில் அழுவதில்லை. விளக்கு வைத்துவிட்டு ஸ்டீரியோவின் எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியில் காதை வைத்துக் குனிந்தே இருந்ததில் வந்த கழுத்து வலி அவளுக்குக் குறைந்திருக்கிறது என்று எலிசாள் சொன்னாள். செத்துப்போனவன் குரலை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பது நல்லதல்ல என்று பலரும் நினைத்தார்கள், சொல்லத்தான் துணியவில்லை. இந்தக் கோணத்திலும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி யோசிக்கிறேன்.

இனி அந்த போன் பேச்சு. மலரில் இல்லாதது.

பொடி என்று நான் சொன்னபோது தூசியைத்தான் நினைத்தேன். அதுவரை நான் குற்றவாளி இல்லை. ஆனால் அவள் புத்தி கெட்டவள் அல்ல. அம்பாசமுத்திரத்துக்காரி, சந்தேகம் கேட்டுச் செய்கிறவள். அவள் கேட்டாள்.

"எந்தப் பொடி அண்ணாச்சி? பாத்திரம் வெளக்குத பொடி போதுமா?"

அவளுக்குப் பின்னால் எலிசாள் ஏதோ பேசுவது கேட்டது. பூக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. பதினொரு தடவை துள்ளிய இடம் ஞாபகம் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"ம்," என்றேன்.

முப்பது வருடத்தில் நான் சுருதி பிசகாமல் சொன்ன எழுத்து அது ஒன்றுதான். நான் முன்பே சொன்னேனே, எனக்குக் காது உண்டு. அவள் கேட்டது அவ்வளவு தெளிவாக என் காதில் விழுந்தது.

அதோடு நின்றிருந்தால், அரைத்தூக்கத்தில் சொன்னேன், லைன் சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் இன்னும் கேட்டாள். எட்டாவதை மட்டும் தேய்த்தால் போதுமா என்றாள். ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும், பதினாலையும் தேய்த்துவிடு என்றேன். எட்டாவது மட்டும் கெட்டுப்போனால் யாருக்காவது சந்தேகம் வரும் என்று நினைத்தேன். அந்தக் காரியத்துக்காக மற்ற பதிமூன்றும் போயின. பதிமூன்றிலும் அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள். அதில் முக்கால்வாசி என் ஜால்ராவோடு.

கடைசியாக அவள், "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டாள்.

கீழ்ப்பக்கம் என்றால் பிழைக்க வைத்திருப்பேன். அது எனக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

"ரெண்டு பக்கமும்," என்றேன். "நல்லா அழுத்தி."

சரி அண்ணாச்சி என்று வைத்தாள். நான் காலைப் பலகாரம் சாப்பிட்டேன். இட்லி. மூன்றாவது இட்லியை வேண்டாம் என்று வைத்தேன். அன்று நான் பட்ட வேதனைக்குச் சாட்சி அந்த ஒரு இட்லிதான்.

இவ்வளவு நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பதினொரு நாள் முன்னால் சுஜித் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். பழைய மெயிலைத் துழாவியபோது ஒரு பதிவு கிடைத்ததாம். ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் கூடப்படித்த யாருக்கோ அனுப்பியது. கல்லாற்றில் பிடித்தது, நாற்பத்தொரு நிமிடம். "மாமிக்கு அனுப்பினா என்னவாவது பண்ணிப்போடுவா. உங்க கையிலதான் அனந்தன் மாமா சேஃப். நல்லா சரிபண்ணி, ஒரு சிடியில போட்டு மாமிக்குக் கொடுங்கோ," என்று என் போனுக்கு அனுப்பிவிட்டான்.

அவளிடமும் சொல்லிவிட்டான். அன்றே அவள் வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அந்தச் சிரிப்பு இருக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுப் பார்க்கிறேன், பழைய பதிவு, கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்றேன். எத்தனை நாளானாலும் சரி, நீங்க பாத்து செஞ்சா போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுஜித் அனுப்பியதில் சிக்கல் எதுவும் இல்லை. எல்லாம் தெளிவாக ஓடுகிறது. ஆறு ஓடுகிறது, கோலப்பன் பாடுகிறான், ஒருவன் இருமுகிறான். இருபத்தாறாவது நிமிடத்தில் அந்தப் பேச்சு. பத்மநாபசாமி எழுந்து உட்கார்கிறார். சிரிப்பு. சிடி துள்ளுகிற இடம் வருகிறது. துள்ளவில்லை. சிரிப்பு அடங்கி, கோலப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறான்:

"ஆனா ஒண்ணு. அவன் எதிர்ல இருந்து கேட்டாத்தான் எனக்குத் தொண்டை தொறக்கும். இன்னைக்கு அவன் வரல்ல, பாத்தேளா, ஒண்ணும் செரியாவல்ல."

உண்மைதான். அந்த நாற்பத்தொரு நிமிடமும் அவன் சுமாராகத்தான் பாடியிருக்கிறான். காது உள்ளவர்களுக்குத் தெரியும்.

அழுதேன். நன்றாகவே அழுதேன். யாருக்காக என்று கேட்டால் அவனுக்காக என்றுதான் சொல்வேன். என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருந்தவனுடைய குரலைத் தேய்த்துக் கழுவச் சொன்னவன் நான். அந்தச் சிக்கலுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஏழு விநாடி கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. இரண்டு இழுப்பு வேட்டித் துணிதான் தேவைப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், முழுக்க ஒப்புக்கொள்கிறேன். மனம் திருந்தியவன் என்று என்னைச் சொல்லலாம்.

நாளைக் காலை சிடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடப் போகிறேன். ஷாஜியின் கடையில் கம்ப்யூட்டரில் போட்டுத் தயார் செய்துவிட்டோம். பாட்டு எதிலும் கை வைக்கவில்லை. ஆறு அப்படியே ஓடுகிறது. நான் எதிரில் இருந்தால்தான் அவனுக்குத் தொண்டை திறக்கும் என்று சொல்வது மணி அடித்த மாதிரி கேட்கிறது, கொஞ்சம் சத்தம் கூட்டியும் வைத்திருக்கிறேன். தெருவெல்லாம் கேட்கட்டும். அதற்கு முன்னால் ஒரு பத்து விநாடி, அந்தப் பேச்சும் சிரிப்பும் இருக்கிற இடத்தில் மட்டும், கொஞ்சம் பொடி இருந்தது. அதைத் துடைத்து எடுத்துவிட்டேன்.